பொருளாதாரத் தடை: சட்ட மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டம் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் மட்டக்களப்பில் உள்ள என் அலுவலகத்துக்கு வருவார்கள். போன கிழமை அவர்களின் சர்வதேசச் சட்ட விடைத்தாள்களைத் திருத்தினேன். அரைவாசித் தாள்களில் என்னுடைய பழைய பிழைகளே இருந்தன. ஆண்டை மாற்றி எழுதுவது, வழக்கின் பெயரைக் குழப்புவது எல்லாம் தானாகத் திருந்தும், அவற்றை விடுவோம்.

ஊர் அர்த்தத்தில் எழுதுவது

எங்கள் பக்கம் 'பொருளாதாரத் தடை' என்றால் யுத்த காலம்தான் ஞாபகம் வரும். வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள படுவான்கரைக்கு யூரியாவும் பற்றரியும் கொண்டுபோக முடியாமல் வலையிறவுப் பாலத்தடியில் பையைக் கொட்டிக் காட்டிய காலம். அது ஓர் அரசு தன் நாட்டுக்குள் போட்ட தடை. அரசுக்கு அரசு போடும் தடைக்கு அதை உதாரணம் காட்டினால் கேள்வியே வேறாகிவிடும்.

உறுப்புரை 2(4)ஐ இழுப்பது

ஐ.நா. சாசனத்தின் அந்த உறுப்புரை தடுப்பது ஆயுதப் பலத்தை. பொருளாதார நெருக்குதலையும் சேர்க்கும்படி 1945 இல் பிரேசில் கேட்டது, ஏற்கப்படவில்லை.

நிக்கரகுவா தீர்ப்பைப் பாதி படிப்பது

அமெரிக்காவுக்கு எதிராக நிக்கரகுவா போட்ட வழக்கு இது. வியாபாரத்தை நிறுத்துவது மட்டும் தலையிடாமைக் கோட்பாட்டை (இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பதை) மீறாது என்று சர்வதேச நீதிமன்றம் 1986 இல் சொன்னது உண்மை. ஆனால் அதே தீர்ப்பில், அமெரிக்கா 1985 இல் போட்ட வர்த்தகத் தடை 1956 ஆம் ஆண்டு நட்புறவு ஒப்பந்தத்தை மீறியது என்றும் சொன்னது. இரு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

"ஐ.நா. தடை இல்லை, ஆகவே பயமில்லை"

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் இதை நானே ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

2019 இல் காத்தான்குடி நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் ஈரானுக்கு ஒரு கொள்கலன் தேங்காய்ப்பூ அனுப்பலாமா என்று கேட்டார். நான் புத்தகத்தை விரித்தேன். ஐ.நா. பாதுகாப்புச் சபை சாசனத்தின் 41 ஆம் உறுப்புரையின் கீழ் தடை போடத் தீர்மானித்தால் 25 ஆம் உறுப்புரை இலங்கையைக் கட்டுப்படுத்தும். பிறகு இலங்கையின் 1968 இன் 45 ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வரும். ஈரான் மீதான ஐ.நா. தடைகளில் பெரும்பாலானவை 2016 இலேயே நீங்கிவிட்டன. 2018 இல் திரும்ப வந்தது அமெரிக்கா தனியாகப் போட்ட தடை, அது நம்மைக் கட்டுப்படுத்தாது. "அனுப்புங்க நானா" என்றேன்.

கொள்கலன் பந்தர் அப்பாஸ் போய்ச் சேர்ந்தது, காசு வரவில்லை. டொலரில் பேசிய வியாபாரம். துபாயிலிருந்து கொழும்புக்கு அனுப்பினாலும் டொலர் வழக்கமாக நியூயோர்க் வங்கி ஒன்றின் கையைத் தொட்டுத்தான் வரும், அங்கே அமெரிக்கச் சட்டம். உணவுப் பொருளுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. உணவுக்கும் மருந்துக்கும் தடங்கல் செய்யக் கூடாது என்று 2018 ஒக்டோபரில் சர்வதேச நீதிமன்றமும் அமெரிக்காவுக்கு இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. இரண்டையும் அச்சடித்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைத் திருப்பியும் பார்க்கவில்லை. விலக்கு இருக்கிறதா என்று ஆராய்வதைவிட 'முடியாது' என்று சொல்வது வங்கிக்கு மலிவு.

"தம்பி, சட்டம் நம்மளப் பிடிக்காது எண்டீங்க. மறுகா காசு ஏன் கிறுகிப் போகுது?" என்று கேட்டார் நானா. ஏழு மாதம் அலைந்து, சரக்கை வேறு ஆளுக்கு அரை விலைக்குத் தள்ளிவிட்டார்.

நான் சொன்ன சட்டம் சரி, புத்திமதிதான் பிழை. கட்டுப்படுத்துமா என்று பார்த்த நான், எட்டுமா என்று பார்க்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்தக் கதிதான். ஈரானிடம் வாங்கிய மசகு எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனை, டொலரில் கட்ட முடியாமல், தேயிலையாகக் கொடுக்க 2021 இல் உடன்பட்டது.

பழைய நோட்ஸ்

2025 செப்டம்பரில் ஈரான் மீதான ஐ.நா. தடைகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. அது செல்லாது என்கின்றன ரஷ்யாவும் சீனாவும். அண்ணன்மாரின் நோட்ஸ் கட்டில் இது இருக்காது.