பழைய சொகுசு செடானைக் கொடுத்துவிட்டு ஆல்-வீல் டிரைவ் வாங்குவது எப்படி? ஒன்ராறியோவில் முதல்முறை மாற்றுபவர்களுக்கு

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய லெக்ஸஸ், பென்ஸ், பிஎம்டபிள்யூ செடான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. கார் இன்னும் மெத்தையில் உட்கார்ந்த மாதிரித்தான் ஓடும். அதனால் விற்க மனம் வராது. ஆனால் காரின் விலை இறங்கிய அளவுக்கு உதிரிப் பாகங்களின் விலை இறங்காது. 60,000 டாலருக்கு வந்த கார் இன்று 6,000 டாலருக்குப் போனாலும், அதன் சஸ்பென்ஷன் பாகம் 60,000 டாலர் காருக்குரிய விலையில்தான் வரும்.

இதோடு பனிக்காலமும் சேர்ந்துகொள்ளும். நெடுஞ்சாலை 400-இல் பாரி நகரைத் தாண்டும்போது ஏரிப்பக்கமிருந்து அடிக்கும் ஸ்னோவில் ஒருமுறை மாட்டியவர்கள், அடுத்த நாளே நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல்-வீல் டிரைவ் வண்டி தேட ஆரம்பிப்பார்கள். அங்கேதான் வரிசை தப்பிப்போகிறது. நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் இடுப்பு வலி, ரோட்டுச் சத்தம் என்று புலம்புகிறவர்கள் நிறைய. முதலில் இருக்கை, அடுத்து டயர், அதற்கப்புறம்தான் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வி. கீழே உள்ள படிகளையும் அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

படி 1: மாற்றத்தான் வேண்டுமா?

நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய் ஹொய்ஸ்டில் ஏற்றச் சொல்லுங்கள். நீங்களும் கீழே நின்று பாருங்கள். இங்கே கார்களைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின் கோளாறு கிடையாது. ரோட்டில் போடும் உப்பு. பிரேக் எண்ணெய் போகும் குழாய்கள், எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃப்ரேம், பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு ஆகிய மூன்றையும் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே லேசாகப் பழுப்பேறியிருந்தால் பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவரால் தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தக் காரில் இனிப் பணம் போடாதீர்கள்.

இரும்பு நன்றாக இருந்து, உங்கள் ஓட்டமும் ரொறன்ரோ நகருக்குள்ளேயே என்றால், நல்ல பனிக்கால டயர் நான்கு போட்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள். லெக்ஸஸ் இ.எஸ். 350 போன்ற முன்சக்கர இழுவைக் காருக்கு அதுவே பெரும்பாலும் போதும். இதைச் சொன்னால் டீலர் யாருக்கும் பிடிக்காது.

படி 2: பழைய காரில் என்ன பிடித்தது என்று எழுதுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு தாளை எடுத்து, இப்போதைய காரில் தினமும் அனுபவிக்கும் சுகங்களை எழுதுங்கள். "சொகுசு" என்று மொட்டையாக எழுதினால் உதவாது. தொடையின் கீழ்ப்பகுதி வரை இருக்கை தாங்குகிறதா? நூறு கிலோமீட்டர் வேகத்தில் பின்சீட்டில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? குழியில் இறங்கும்போது "தொம்" என்று கேட்கிறதா, "டக்" என்று முதுகில் அடிக்கிறதா? ஸ்டியரிங் சூடாகுமா?

அப்புறம் பிடிக்காததையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் முதல் வரி அம்மாவின் முழங்கால்தான். தாழ்ந்த செடானில் உட்காருவதற்கு இறங்க வேண்டும், எழும்புவதற்குக் கதவைப் பிடித்துத் தொங்க வேண்டும். பெரிய எஸ்.யூ.வி.யில் சேலையோடு ஏறுவது அதைவிடக் கஷ்டம். நின்றபடியே பின்பக்கமாக நகர்ந்தால் இருக்கை நேராக இடுப்புக்கு வர வேண்டும். அந்த உயரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும்.

படி 3: ஆல்-வீல் டிரைவ் எல்லாம் ஒன்றில்லை

மூன்று வகையாகப் பிரித்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

முதல் வகையில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சக்தி போய்க்கொண்டிருக்கும். சுபாரு இதற்குப் பெயர் போனது.

இரண்டாவது வகை சாதாரண நேரத்தில் முன்சக்கரங்களால்தான் ஓடும். வழுக்கல் தெரிந்தால், அல்லது வழுக்கப்போவதாகக் கணினி கணித்தால், ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியை அனுப்பும். ஹோண்டா சி.ஆர்.-வி. போன்ற பெரும்பாலான குடும்ப வண்டிகள் இப்படித்தான். நகர ஓட்டத்துக்கு இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

மூன்றாவது, டொயோட்டா, லெக்ஸஸ் ஹைபிரிட்களில் பலவற்றில் வருவது. முன்னாலிருந்து பின்னால் போகும் தண்டே இருக்காது. பின்சக்கரங்களைத் தனியாக ஒரு மின்மோட்டார் சுழற்றும். பெட்ரோல் மிச்சம், சத்தமும் குறைவு. ஆனால் அந்த மோட்டாருக்குப் போகும் மின்கேபிள் வண்டிக்கு அடியில் உப்புத் தண்ணீர் படும் இடத்தில் இருக்கிறது. 2019 முதல் வந்த சில வருட ராவ்4 ஹைபிரிட்களில் இந்தக் கேபிளின் இணைப்பு அரித்துப்போனதாகப் புகார்கள் வந்து, டொயோட்டா அதற்கான உத்தரவாதத்தை நீட்டித்தது. அந்த வருடத்து வண்டியைப் பழையதாக வாங்கினால் இணைப்பைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வகையானாலும் ஒன்று மாறாது. ஆல்-வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், ஏற்றத்தில் ஏற உதவும். பிரேக் பிடிக்கும்போது நிற்கும் தூரத்தைக் குறைக்காது. நான்கு சக்கரத்திலும் பிரேக் எல்லாக் காருக்கும் இருக்கிறது. நிறுத்துவது டயரின் பிடிப்பு.

படி 4: எஸ்.யூ.வி. மட்டும்தான் வழியா?

இல்லை. செடான் சுகம் பழகியவர்கள் செடானிலேயே ஆல்-வீல் டிரைவ் பார்க்கலாம். 2021 மாடலிலிருந்து லெக்ஸஸ் இ.எஸ். 250 ஆல்-வீல் டிரைவோடு வந்தது. 2025 கேம்ரி முழுக்க ஹைபிரிட் ஆனபோது, அதிலும் ஆல்-வீல் டிரைவ் எடுக்கலாம் என்றானது. டொயோட்டா கிரவுன் செடான்தான், ஆனால் இருக்கை கொஞ்சம் உயரம். எல்லா மாடலிலும் ஆல்-வீல் டிரைவ். அம்மாவின் முழங்காலுக்காக நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

நடுவில் சுபாரு அவுட்பேக் இருக்கிறது. 2025 வரையிலான மாடல்கள் நீளமான ஸ்டேஷன் வேகன் உடம்போடு, தரையிலிருந்து சுமார் 22 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். ஸ்னோ தள்ளாத தெருவில் அந்த இடைவெளிதான் கைகொடுக்கும். 2.5 லிட்டர் எஞ்சினுக்குச் சாதாரண 87 பெட்ரோலே போதும். விலை கூடிய பிரீமியம் 91 அடித்துப் பழகியவர்களுக்கு இது சின்னச் சந்தோஷம். அந்தப் பக்கம் எஸ்.யூ.வி.களான லெக்ஸஸ் ஆர்.எக்ஸ்., வோல்வோ எக்ஸ்.சி.60. சுகத்தில் குறைவில்லை, விலையிலும் குறைவில்லை.

மாடலைத் தேர்ந்தபின் சக்கர அளவைப் பாருங்கள். ஒரே வண்டி 18 அங்குலத்திலும் 20 அங்குலத்திலும் வரும். 20 பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் டயரின் ரப்பர் சுவர் மெலிதாகி, குழி முழுக்க முதுகுக்கு வரும். சுகம் வேண்டுமென்றால் 18.

படி 5: கையெழுத்துக்கு முன் இன்சூரன்ஸ் விலை

ஒன்ராறியோவில் கார் திருட்டு பெரிய தலைவலி. லெக்ஸஸ் ஆர்.எக்ஸ்., டொயோட்டா ஹைலாண்டர், ஹோண்டா சி.ஆர்.-வி. எல்லாம் திருடர்கள் விரும்பும் வண்டிகள். அதனால் சில இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கூடுதல் பணம் கேட்கும், அல்லது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியைப் பொருத்தச் சொல்லும். மாதத் தவணை கட்டுப்படியாகும், இன்சூரன்ஸ் கட்டுப்படியாகாது என்ற நிலைமை இங்கே சகஜம். இரண்டு மூன்று மாடலுக்கு முன்கூட்டியே விலை கேளுங்கள்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

பழைய காரிலேயே டீலரிடம் போங்கள். பத்து நிமிடம் அதே தெருக்களில் அதை ஓட்டிவிட்டு, உடனே புதியதில் ஏறுங்கள். பழையது உடம்பில் நினைவிருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

விற்பனையாளர் சொல்லும் பாதை பெரும்பாலும் வழவழப்பான தெருவாக இருக்கும். நீங்கள் நெடுஞ்சாலை 401-இல் ஏறுங்கள், வானொலியை நிறுத்துங்கள். ஒரு ரயில் தண்டவாளத்தையும் இரண்டு வேகத்தடையையும் கடந்து போங்கள். வலது முழங்கால் இரண்டு முன்சீட்டுக்கும் இடையிலுள்ள மேடையில் இடிக்கிறதா என்று பாருங்கள். மூன்று மணிநேரப் பயணத்தில் அது பெரிய விஷயம். பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். சொந்தக் காரின் பின்சீட்டில் ஒருநாளும் உட்காராதவர்கள் எத்தனையோ பேர்.

படி 7: பழைய வண்டி வாங்கினால்

முதலில் நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா என்று பாருங்கள். டயர் சுவரில் நான்கு எண்கள் இருக்கும்; 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. மலிவான ஆழமானி ஒன்றால் நான்கின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று 1.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசியுங்கள். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால் அது வேகமாகச் சுழலும். முன்னையும் பின்னையும் இணைக்கும் கிளட்ச் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துச் சூடாகும்.

அடுத்து, எஞ்சின் சூடானபின் காலியான பார்க்கிங் இடத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, மெதுவாக வட்டமடியுங்கள். மறுபக்கமும் அப்படியே. சீராக உருள வேண்டும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி தயங்கினாலோ, டயர் துள்ளித் துள்ளிப் போனாலோ, அந்தக் கிளட்சில் கோளாறு இருக்கலாம். செலவு பெரிது. வேறு வண்டி பாருங்கள்.

காரின் விபத்து வரலாற்றைக் காட்டும் கார்ஃபாக்ஸ் அறிக்கையும் மெக்கானிக்கின் பரிசோதனையும் இரண்டும் தேவை. அறிக்கையில் துரு வராது.

படி 8: பழையதை டீலரிடம் கொடுப்பதா, வெளியே விற்பதா?

இங்கே வரிக் கணக்கு முக்கியம். புதிய வண்டி 45,000 டாலர், உங்கள் செடானுக்கு டீலர் 8,000 தருகிறார் என்று வையுங்கள். ட்ரேட்-இன் செய்து பழையதை விலையில் கழித்தால் மீதி 37,000-க்குத்தான் 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரி; அதாவது 4,810. கொடுக்காவிட்டால் முழு 45,000-க்கும் 5,850. வித்தியாசம் 1,040 டாலர். ஆக வெளியே 9,040-க்கு மேல் போனால்தான் உங்களுக்கு லாபம்.

வெளியே விற்பதென்றால் மாகாண அரசின் சர்வீஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் அந்தக் காருக்கான தகவல் கட்டு வாங்கி வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். அதில் முந்தைய உரிமையாளர்கள், கடன் பாக்கி விவரமெல்லாம் இருக்கும். நம்பர் பிளேட் உங்களுடையது. கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், புதிய வண்டிக்கு அதையே மாற்றலாம். நேரம் இல்லாதவர்கள், தெரியாதவர்களை வாசலுக்கு வரவிட விரும்பாதவர்கள் ட்ரேட்-இன் செய்வதே நிம்மதி.

பேரம் பேசும்போது இரண்டு விலையையும் தனித்தனியாகப் பேசுங்கள். புதியதன் விலை முடிந்து எழுத்தில் வந்தபின் பழையதைப் பற்றி வாயைத் திறந்தால் போதும்.

படி 9: கையெழுத்து

ஒன்ராறியோவில் டீலர் விளம்பரம் செய்யும் விலையில் எச்.எஸ்.டி.யும் பதிவுக் கட்டணமும் தவிர மற்றதெல்லாம் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். "நிர்வாகக் கட்டணம்" என்று மேலே ஒரு தொகை வந்தால் விளம்பரத்தை எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் வாங்கும் பழைய வண்டிக்கு 3,000 டாலருக்கு மேல் விபத்துத் திருத்த வேலை நடந்திருந்தால் டீலர் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். மனம் மாறித் திருப்பிக் கொடுக்க அவகாசம் எதுவும் கிடையாது. கையெழுத்துப் போட்டால் வண்டி உங்களுடையது. ஒரு இரவு தூங்கி எழும்பிப் போடுங்கள். புதிய வண்டியின் விலை 1,00,000 டாலரைத் தாண்டினால் கூட்டாட்சி சொகுசு வரியும் சேரும்.

படி 10: டயர், எண்ணெய்

வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயர் ரப்பர் இறுகத் தொடங்கும். ஆகவே ஆல்-வீல் டிரைவுக்கும் பனிக்கால டயர் வேண்டும். சுவரில் மூன்று முகட்டு மலையும் நடுவில் பனித்துகளும் போட்ட முத்திரையைப் பாருங்கள். தனி ரிம்மோடு வாங்கினால் வருடத்துக்கு இரண்டுமுறை மாற்றும் செலவு குறையும். 20 அங்குல வண்டி வாங்கியவர்கள், பிரேக் இடிக்காதா என்று கேட்டுக்கொண்டு, ரிம்மை ஒரு அளவு சின்னதாகப் போடலாம். 2016-இலிருந்து ஒன்ராறியோ இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பனிக்கால டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும், கேட்டால்தான் கிடைக்கும்.

வண்டியின் அடிப்பக்கத்துக்கு வருடாவருடம் துருத் தடுப்பு எண்ணெய் அடியுங்கள், முதல் வருடத்திலிருந்தே. இரண்டு வேலைக்கும் அக்டோபர் நடுப்பகுதிக்கே நேரம் எடுத்துவிடுங்கள். முதல் ஸ்னோ விழுந்த அன்று டயர் கடைக்குப் போன் அடித்தால் மூன்று வாரம் கழித்துத்தான் இடம் கிடைக்கும்.