வீடியோ, ஸ்லைட், வாட்ஸ்அப்: தமிழ்மொழிமூல வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தமிழ்மொழிமூல வகுப்புக்கு விஞ்ஞான வீடியோ தேடினால் பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோக்கள்தான் கிடைக்கின்றன. நல்லவை பல உண்டு. ஆனால் கடைசிவரை கேட்டுப் பார்க்காமல் வகுப்பில் போடுவதுதான் ஆகப் பெரிய தவறு.

ஒட்சிசனை ஆக்ஸிஜன் என்று சொன்னால் பிள்ளை ஊகித்துக்கொள்ளும். ஒரே சொல் இரண்டு கணியங்களைக் குறிக்கும்போதுதான் சிக்கல். நம் பாடநூலில் திணிவு என்று இருப்பதைத் தமிழ்நாட்டில் நிறை என்கிறார்கள். நமக்கு நிறை என்பது நியூட்டனில் அளக்கும் விசை. அந்த விசைக்கு அங்கே எடை என்று பெயர். அங்கே வேகம் என்றால் நமக்குக் கதி, அங்கே திசைவேகம் என்றால் நமக்கு வேகம். 5 கிலோகிராம் திணிவுள்ள பொருளின் நிறை என்ன என்று கேட்டால், புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டு 50 நியூட்டன் என எழுத வேண்டும். அந்த வீடியோவை மட்டும் பார்த்த பிள்ளை 5 கிலோகிராம் என்று எழுதிவிட்டுப் புள்ளி போனது ஏன் என்று தெரியாமல் நிற்கும்.

அசைபடம் நன்றாக இருந்தால் ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே விளக்குங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இரண்டு வழக்கையும் கலந்து தருவதுண்டு. அவற்றிடம் வினாத்தாள் கேட்கும்போது பாடநூலின் கலைச்சொற்களையும் சேர்த்துக் கொடுங்கள், வந்த பின் ஒவ்வொரு வரியையும் வாசித்துத் திருத்துங்கள்.

40 நிமிடப் பாடவேளையில் 20 நிமிட வீடியோ ஓடினால் பிள்ளைகள் யோசிக்க நேரம் இல்லை. தேவையான மூன்று, நான்கு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, போடுவதற்கு முன்பே கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். மேலே எறிந்த பந்து உச்சியை அடையும் இடத்தில் நிறுத்தி, "இப்போது வேகம் எவ்வளவு, ஆர்முடுகல் எவ்வளவு?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வேகம் மட்டும்தான் அங்கே பூச்சியம். இரண்டுக்கும் பூச்சியம் என்று எழுதுபவர்கள் இருப்பார்கள், பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள். வாகன இரைச்சல் ஓயாத காலி வீதிப் பக்கத்து வகுப்பறையில் மடிக்கணினியின் ஒலி பின்வரிசைக்கு எட்டாது, தனி ஸ்பீக்கர் வேண்டும்.

ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. திரையில் ஏற்கெனவே விழும் பகல் வெளிச்சம் எவ்வளவோ, அதுதான் அங்கே கறுப்பு. கருநீலப் பின்னணியில் போட்ட அழகான ஸ்லைட், யன்னல் திறந்த வகுப்பில் வெளிறிப்போவது இதனால்தான். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அளவு 28க்குக் குறையாமல் வையுங்கள். கடைசி வாங்கில் நீங்களே உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். குவிவு வில்லையின் கதிர்ப்படத்துக்கு ஸ்லைடே வேண்டாம். முடிந்த படத்தைப் பார்ப்பதால் வரைய வராது. பலகையில் கதிர் கதிராக நீங்கள் வரைய, அவர்களும் கூடவே வரையட்டும்.

பாமினியில் தட்டச்சிட்ட ஆவணத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும். பாமினி தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருப்பதே காரணம். கூகுள் படிவத்தில் ஒட்டினாலும் இதே கதிதான். புதியவற்றை யூனிகோடில் தட்டச்சிடுங்கள். பழையவற்றை எழுத்துரு மாற்றியில் இட்டு மாற்றி, ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். அச்சுக்கு மட்டும் என்றால் பிடிஎப் ஆக்கி எடுத்துப் போனாலே போதும்.

வாட்ஸ்அப்பில் குறிப்பைப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய எழுத்து மங்கிவிடும். 'டொகியுமெண்ட்' ஆக அனுப்புங்கள். பல வீடுகளில் இருப்பது பெற்றோரின் ஒரே போன், அதுவும் வேலை முடிந்து இரவில்தான் வீட்டுக்கு வரும். மாலை ஐந்து மணிக்கு அனுப்பி மறுநாள் காலை ஒப்படை கேட்பது அந்தப் பிள்ளைகளுக்கு அநியாயம். குறைந்தது இரண்டு இரவு கொடுங்கள், போன் இல்லாதவர்களுக்கு அச்சுப் பிரதியை அன்றே வகுப்பில் கையில் கொடுங்கள்.