பிடிக்கிற சோல், விடுகிற சோல்: மொட்டைமாடி டர்ஃப் முதல் பனிச்சறுக்கு வரை

விளையாட்டு ஷூவின் சோல் (அடிப்பாகம்) வரைய உட்காரும் முன் ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் "எங்கே பிடிக்கணும்", இன்னொன்றில் "எங்கே விடணும்". முதல் கட்டத்தை எல்லோரும் நிரப்பிவிடுவார்கள். இரண்டாவது காலியாகக் கிடக்கும். விளையாடுகிறவரின் முழங்கால் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

சென்னை மொட்டைமாடி டர்ஃப்களில், அதாவது செயற்கைப் புல் ஆடுகளங்களில், இதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலே புரியும். புல்தரைக்கான நீளமான, கத்தி போன்ற ஸ்டட் (அடிமுளை) வைத்த ஷூவோடு செயற்கைப் புல்லில் இறங்கினால், ஸ்டட் இழைகளுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் லிகமென்ட்டுக்குப் போகும். டர்ஃபுக்கு வேண்டியது 5–6 மி.மீ. உயரமுள்ள, வட்டமான, எண்ணிக்கையில் அதிகமான ரப்பர் குமிழ்கள். இயற்கைப் புல் என்றால் 10–13 மி.மீ. வார்ப்பு ஸ்டட். மேட்டிங் விக்கெட்டில் ஆடும் கிரிக்கெட்டுக்கு உலோக ஸ்பைக் கூடவே கூடாது; கயிற்று விரிப்பும் கிழியும், காலும் சிக்கும். அங்கே குட்டை ரப்பர் பிம்பிள் போதும். மெரினா மணலில் ஓட சோல் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. உலர்ந்த மணலில் எந்தப் பூவும் (சோலின் அடியில் உள்ள பட்டன், வரி வடிவம்) பிடிக்காது. அதில் ரப்பரை வீணாக்க வேண்டாம்.

லாஸ்டிலிருந்து தொடங்குங்கள்

சோலைத் தனியாகக் கணினியில் அழகாக வரைந்துவிட்டு, பிறகு லாஸ்டில், அதாவது ஷூ கட்டும் கால் வடிவ அச்சில், பொருத்திப் பார்ப்பது தலைகீழ் வேலை. லாஸ்டின் அடியில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, அடிப்பரப்பும் பக்கமும் சேரும் விளிம்புக்கோட்டைப் பென்சிலால் எடுங்கள். டேப்பை உரித்து அட்டையில் சுருக்கமில்லாமல் படியவைத்தால் அடிப்படிவம் கிடைக்கும். அதன் மேல் அப்பரின் (ஷூவின் மேற்பகுதி) கனம், லாஸ்டின் அடியில் உள்ளே மடித்த அதன் லாஸ்டிங் ஓரத்தின் கனம் இரண்டையும் கூட்டிய பிறகுதான் சோலின் உள்ளளவு வரும். கட்டி முடித்த ஒரு ஷூவை வெர்னியரில் அளந்து அந்தக் கனத்தை எடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

டோ ஸ்பிரிங், அதாவது முன்நுனி தரையை விட்டு எழும்பியிருக்கும் உயரம், லாஸ்டிலும் சோலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓட்ட ஷூவுக்கு 10 மி.மீ. அல்லது சற்று மேல், கோர்ட் ஷூவுக்கு 5–8. லாஸ்டுக்கும் சோலுக்கும் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் ஒட்டும்போது தெரியாது. பிரஸ் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பெட்டிக்குள் கிடக்கும்போது சோல் தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும், முன்நுனி வாய் பிளக்கும். பழி பசையின் மேல் விழும். குற்றம் வரைபடத்தில்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஓட்டத்துக்கு 8–10 மி.மீ., கோர்ட்டுக்கு 4–6. கோர்ட் ஷூவில் குதிகால் உயர உயரக் கணுக்கால் மடங்கும் வாய்ப்பு கூடும். முன்பாதத்தின் வெளிப்பக்கம் சோலை 3–5 மி.மீ. வெளியே நீட்டிவிட்டால் பக்கவாட்டில் சாயாது.

வளையும் கோடு குறுக்கே நேராக ஓடாது. கட்டைவிரல் மூட்டு, குதிகாலிலிருந்து பாத நீளத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். சுண்டுவிரல் மூட்டு 60 சதவீதத்துக்குச் சற்று மேலே. பள்ளத்தை இந்தச் சாய்வில்தான் வெட்ட வேண்டும். நேர்க்கோடாக வெட்டினால் பாதம் ஓரிடத்தில் மடங்கும், ஷூ வேறிடத்தில் மடங்கும், குதிகால் கழன்று கழன்று வரும். பள்ளத்தின் அடியில் குறைந்தது 2 மி.மீ. ரப்பர் மிச்சம் இருக்கட்டும்.

பூவேலை

பட்டன், ஸ்டட், அலை எதுவாக இருந்தாலும் மூன்று விதி: உயரம் அகலத்தைத் தாண்டக் கூடாது, பக்கச்சுவருக்கு 3–5 டிகிரி சாய்வு, அடிமூலையில் 0.5–1 மி.மீ. வளைவு. முதல் விதி தவறினால் பட்டன் சாய்ந்து நீந்தும். சாய்வு இல்லாவிட்டால் மோல்டிலிருந்து எடுக்கும்போதே கிழியும். மூலை கூர்மையாக இருந்தால் வளைவு பள்ளத்தை ஒட்டி முதல் விரிசல் விடும்.

பேட்மின்டனுக்கு 2–3 மி.மீ. ஆழத்தில் மீன்முள் வரிசை. கட்டைவிரல் மூட்டுக்குக் கீழே மட்டும் அதை நிறுத்தி, 35–40 மி.மீ. விட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போடுங்கள். பாதம் திரும்பும் இடம் அது. உங்கள் இரண்டாவது கட்டத்தில் முதலில் எழுத வேண்டிய இடமும் அதுதான். வலக்கைக்காரர் வலையை நோக்கிப் பாயும்போது இடதுகாலின் உள்பக்க முன்நுனி தரையில் இழுபடும். வேகப்பந்து வீச்சாளரின் பின்காலும் அப்படித்தான். அங்கே ரப்பரை அப்பர் மேல் 12–15 மி.மீ. ஏற்றி விடுங்கள்.

ரப்பர் கலவை

தரையில் கோடு விழாத கோர்ட் சோலுக்குத் தொடங்க ஏற்ற கலவை, எடைக் கணக்கில் பங்குகளாக: இயற்கை ரப்பர் 60, பியூட்டாடையீன் ரப்பர் 40, வீழ்படிவு சிலிக்கா 40, ஜிங்க் ஆக்சைடு 5, ஸ்டியரிக் அமிலம் 1.5, பாலி எத்திலீன் கிளைக்கால் 3, நாஃப்தினிக் எண்ணெய் 5, பீனாலிக் வகை ஆன்டி ஆக்சிடன்ட் 1, கந்தகம் 2, ரப்பர் வேகுவதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டர்களான எம்.பி.டி.எஸ். 1.2, டி.பி.ஜி. 0.5. கடினம் ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) 58–64 வர வேண்டும். கூடினால் எண்ணெயையும் சிலிக்காவையும் சரிக்கட்டுங்கள்.

கிளைக்காலைச் "சும்மா ஒரு பொருள்" என்று விட்டுவிடாதீர்கள். சிலிக்கா ஆக்சிலரேட்டரை உறிஞ்சிக்கொள்ளும். கிளைக்கால் அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்வதால்தான் சோல் சரியாக வேகிறது. கார்பன் பிளாக் போட்டால் தேய்மானம் குறையும், கோர்ட்டில் கறுப்புக் கோடும் விழும். டயர் கலவைக்கான ஆன்டி ஆக்சிடன்டைப் போட்டால் வெள்ளை சோல் சில வாரத்தில் பழுப்பேறும். பியூட்டாடையீன் பங்கைக் கூட்டினால் தேய்மானம் குறையும், ஆனால் ஈரத்தரையில் பிடிமானமும் குறையும். இரண்டையும் ஒன்றாகக் கேட்பவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

4–5 மி.மீ. கனமுள்ள சோலை மோல்டில் 150–155 டிகிரி செல்சியஸில் 6–8 நிமிடம் வேகவையுங்கள். சரியான நேரத்தை ரியோமீட்டர் (ரப்பர் வேகுவதை அளக்கும் கருவி) வரைபடத்திலிருந்து எடுங்கள். வெப்பத்தை 10 டிகிரி ஏற்றினால் வேகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். அவசர ஆர்டரில் இதைச் செய்து மேற்பரப்பு தீய்ந்து, நடு பச்சையாக நிற்பது வாடிக்கை.

மிட்சோலுக்கு (சோலுக்கும் அப்பருக்கும் நடுவிலுள்ள மெத்தை அடுக்கு) ஈ.வி.ஏ. நுரை, கடினம் அஸ்கர் சி (நுரைக்கான அளவுகோல்) 45–55. பாலியூரித்தேன் போடுவதாக இருந்தால் பாலியெஸ்டர் வகையா, பாலியீதர் வகையா என்று சப்ளையரிடம் எழுதி வாங்குங்கள். பரணில் சில வருடம் கிடந்த ஷூவை எடுத்துப் போட்டதும் சோல் மாவாக உதிர்கிறதே, அது பாலியெஸ்டர் வகை காற்றின் ஈரத்தில் சிதைந்ததால். சென்னை ஈரப்பதத்துக்குப் பாலியீதரே தாங்கும்.

பனிச்சறுக்கு: விதிகள் புரளும் இடம்

ஆல்பைன் பூட்ஸின் சோலைக் காலணியின் அடி என்று நினைத்தால் தவறிவிடுவீர்கள். அது, பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங் என்ற இயந்திரத்தின் ஒரு பாகம். விழும்போது பைண்டிங் பூட்ஸை விடுவிக்க வேண்டும். முன்நுனி பக்கவாட்டில் வழுக்கி வெளியேற வேண்டும். அதனால் இங்கே முன்நுனியின் அடியில் ரப்பரும் கூடாது, பூவும் கூடாது. கடினமான, வழவழப்பான பிளாஸ்டிக் பரப்புதான், பைண்டிங்கின் வழுக்குத்தட்டின் மேல் உட்காரும்.

அளவுகளில் கற்பனைக்கு இடமில்லை. ஐ.எஸ்.ஓ. 5355 தரத்தில் பெரியவர்களுக்கான பூட்ஸில் முன்நுனி விளிம்பின் உயரம் 19 மி.மீ., குதிகால் விளிம்பின் உயரம் 30 மி.மீ., இரண்டுக்கும் ஒரு மி.மீ. கூட்டல் கழித்தல், முன்நுனி அகலம் 69 மி.மீ., இதற்கு இரண்டு மி.மீ. வரை. மோல்டு வெட்டும்போது பிளாஸ்டிக் சுருக்கத்தைத் தவறாகக் கணக்கிட்டால் முதல் பலி இந்த 19 மி.மீ. தான்: குறைந்தால் பூட்ஸ் ஆடும், கூடினால் விடுபடாது. சோலின் மொத்த நீளத்தை மில்லிமீட்டரில் பூட்ஸிலேயே பொறிக்க வேண்டும். எடை, உயரம், வயது, சறுக்கும் பாணி இவற்றோடு இந்த நீளத்தையும் வைத்துத்தான் கடைக்காரர் பைண்டிங்கில் விடுவிப்பு எண்ணை, அதாவது எவ்வளவு விசையில் அது பூட்ஸை விட வேண்டும் என்ற எண்ணை, வைப்பார். மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தால், நீளமான சோலுக்கு எண் குறையும், நெம்புகோல் நீளம் கூடுவதால்.

நடக்கவும் வசதியாக வளைந்த அடி வேண்டுமென்றால் அதற்குத் தனித் தரம் உண்டு, ஐ.எஸ்.ஓ. 23223. அதில் ரப்பர் வரலாம். ஆனால் வழுக்குத்தட்டின் மேல் படும் திட்டு மட்டும் கடின பிளாஸ்டிக். மலையேறிச் சறுக்கும் டூரிங் பூட்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 9523, அடி முழுக்க ஆழமான ரப்பர் பட்டன். இந்தப் பட்டனுக்கும் ஒரு முன்கதை உண்டு: 1935-இல் ஆல்ப்ஸில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, ஆணியடித்த தோல் சோலுக்கு மாற்றாக 1937-இல் ரப்பர் பட்டன் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் சுருக்கம்தான் வைப்ரம் என்ற சோல் பிராண்டு. ஒரு தரத்துக்கான பூட்ஸை வேறு தரத்துக்கான பைண்டிங்கில் போடலாம் என்று பெட்டியில் அச்சடிக்கவே அடிக்காதீர்கள்.

சமதளப் பனியில் ஓடும் கிராஸ்-கன்ட்ரி வேறு ரகம். நுனியில் உள்ள உலோகக் கம்பி மட்டுமே பைண்டிங்கில் மாட்டும், குதிகால் தூக்கும். சோல் நீளவாக்கில் வளைய வேண்டும், முறுக்கினால் முறுகக் கூடாது. அதனால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நடுப்பாதத்தில் புதைத்து, முன்பாதத்தை மட்டும் மெல்லியதாக விடுகிறார்கள்.

குளிரைச் சென்னையிலேயே சோதிக்கலாம். வீட்டு டீப் ஃப்ரீசர் 18 டிகிரி மைனஸ் வரை போகும். சோல் துண்டை இரவு முழுக்க வைத்து, எடுத்த ஒரு நிமிடத்துக்குள் கடினத்தை அளந்து, கையால் மடக்கிப் பாருங்கள். ஷோர் ஏ 10 புள்ளிக்கு மேல் ஏறினால் கலவை பனிக்கு உதவாது. பியூட்டாடையீன் பங்கைக் கூட்டுங்கள். கத்திரி வெயிலில் மெத்தென்று இருக்கும் ஈ.வி.ஏ. இந்தச் சோதனையில் மரக்கட்டையாகத் திரும்பும்.

ஒட்டும்போது நம் ஊர் ஈரம்

ரப்பர் சோலின் ஒட்டுப்பரப்பை 24–36 கிரிட் உப்புத்தாளில் ரஃப் செய்து, தூசியை ஊதி, கரைப்பானால் துடைத்து, ஹாலஜனேஷன் பிரைமர் பூசி ஒரு மணி நேரம் விடுங்கள். பிரைமரிலிருந்து குளோரின் நெடி வரும். ஜன்னல் இல்லாத அறையில் இதைச் செய்யாதீர்கள். பிறகு பாலியூரித்தேன் பசையில் 3–5 சதவீதம் ஹார்டனர் கலந்து, சோலிலும் அப்பரிலும் பூசி, 15–30 நிமிடம் உலரவிட்டு, பரப்பு 55–65 டிகிரிக்கு வரும்வரை சூடாக்கி, அரை நிமிடத்துக்குள் சேர்த்து, 10–15 விநாடி பிரஸ்ஸில் அழுத்துங்கள். ஈ.வி.ஏ. என்றால் அதற்கான யு.வி. பிரைமரும் விளக்கும் தனி.

ஐப்பசி, கார்த்திகையில் இதே முறை தோற்கும். கரைப்பான் ஆவியாகும்போது பசைப்படலம் குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படிகிறது. படலம் பால் நிறமாக மங்கினால் அதுதான். அப்படியே ஒட்டினால் அன்று பிடிக்கும், வாரத்தில் உரியும். 45–50 டிகிரி சூடுள்ள உலர்த்தும் பெட்டி ஒன்று போதும். கலந்த பசையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பயன்படுத்தாதீர்கள். ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செலவாகியிருக்கும். மோல்டுக்கு சிலிக்கான் ஸ்பிரே அடிப்பவர் பட்டறையில் இருந்தால், இவை எதுவுமே பலிக்காது.

உரித்துப் பார்க்கும் சோதனையை 72 மணி நேரத்துக்குப் பிறகு செய்யுங்கள். விளையாட்டு ஷூவுக்கு ஒரு மி.மீ. அகலத்துக்கு 4 நியூட்டன் இலக்கு. எண்ணைவிட, எங்கே பிரிந்தது என்பதைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் நல்லது. பசை முழுதாக அப்பரில் நின்று சோல் பளபளவென்று வந்தால் பிரைமர் வேலை செய்யவில்லை, அல்லது கலவையிலிருந்து கந்தகமோ மெழுகோ மேலே பூத்திருக்கிறது.

பிடிமானத்தை ஒப்பிட ஷூவுக்குள் 20 கிலோ ஏற்றி, தொங்கு தராசைக் கிடையாக இழுங்கள். 16 கிலோவில் நகர்ந்தால் 0.8. இதே எடையில் ஷூவை முன்பாதத்தில் ஊன்றி, திருப்பும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் திருப்புங்கள். சந்தையில் நன்றாக ஓடும் ஒரு ஷூவை அருகில் வைத்து, நேர் இழுப்பில் அதற்குச் சமமாகவும், திருப்புவதில் அதைவிட இலேசாகவும் வருகிறதா என்று பாருங்கள். தேய்மானம் (ஐ.எஸ்.ஓ. 4649), நெகிழ்வு போன்றவற்றுக்கு அடையாறு சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்), கிண்டி சி.எஃப்.டி.ஐ. (மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம்) போன்ற இடங்களில் விசாரியுங்கள்.

மோல்டு

பெரியமேட்டில் கிடைக்கும் ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டியோ, டி.பி.யு. (ரப்பர் போல நெகிழும் பிளாஸ்டிக்) இழையில் முப்பரிமாண அச்சு எடுத்தோ முதல் மாதிரியைப் போட்டு ஆடிப் பாருங்கள். அச்சு மாதிரி வடிவத்தைச் சொல்லும், பிடிமானத்தைச் சொல்லாது. திருப்தியானதும் ஆண்களுக்கான 8-ஆம் அளவில் ஒரே ஒரு அலுமினிய மோல்டு. ரப்பர் சுருக்கத்துக்கு 1.5–2 சதவீதம் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள், உங்கள் கலவையில் ஒரு தகடு வார்த்து அளந்த பிறகு.

மற்ற அளவுகளுக்குப் பெருக்கும்போது ஆங்கில அளவுமுறையில் ஒரு எண்ணுக்கு 8.46 மி.மீ., பாரிஸ் முறையில் 6.67 மி.மீ. நீளம் கூடும். எந்த முறை என்று மோல்டு பட்டறையில் வாய்வார்த்தையாகச் சொல்லாமல் வரைபடத்திலேயே எழுதுங்கள். நீளமும் அகலமும் பெருகும், பூவின் ஆழமும் சோலின் கனமும் பெருகக் கூடாது. கணினியில் முழு வரைபடத்தையும் ஒரே விகிதத்தில் இழுத்தால் 11-ஆம் அளவின் ஸ்டட் உயர்ந்து நிற்கும், 5-ஆம் அளவின் பள்ளத்தடி 2 மி.மீ.க்குக் கீழே போகும். ஸ்டீல் மோல்டு வரிசைக்குப் பணம் கட்டும் முன், அந்தச் சிறிய அளவின் குறுக்குவெட்டை மட்டுமாவது ஒருமுறை அளந்துவிடுங்கள்.