உப்புக்காற்று ஊரில் லேப்டாப்பா, நோட்புக்கா?

தங்கச்சிமடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், மண்டபம் பக்கமிருந்தும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்குவதற்கு முன்னால் யோசனை கேட்டு வருகிறவர்களும் உண்டு. "அண்ணே, லேப்டாப் வாங்கவா, நோட்புக் வாங்கவா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி.

வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985இல் வந்த தோஷிபா டி1100 நாலு கிலோவுக்கு மேல் எடை. மடியில் வைக்கலாம் என்றுதான் பெயர், அரை மணி நேரத்தில் தொடை மரத்துவிடும். 1988இல் என்.இ.சி. கம்பெனி அல்ட்ராலைட் என்று ஒன்றை இரண்டு கிலோவில் அறிவித்தது. பைக்குள் நோட்டோடு நோட்டாகப் போகிற சைஸ் என்பதால் அந்த வகை நோட்புக் ஆனது. இன்றைக்குக் கம்பெனிகள் இரண்டு பெயரையும் இஷ்டத்துக்கு ஒட்டுகின்றன. இரண்டரைக் கிலோ மெஷினின் பெட்டியிலும் நோட்புக் என்று அச்சடித்திருப்பார்கள். அதை விடுங்கள். நான் பிரிக்கிற விதம் இது: 15.6 அங்குலமோ அதற்கு மேலோ திரை, இரண்டு கிலோவைத் தாண்டிய எடை, தனி கிராபிக்ஸ் கார்டு, அதைக் குளிர வைக்கப் பெரிய ஃபேன் இருந்தால் லேப்டாப். 13, 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், சி-டைப் சார்ஜர், சின்ன ஃபேன் அல்லது ஃபேனே இல்லாதது என்றால் நோட்புக். 15.6 அங்குலத்தில் 1.7 கிலோ மெஷின்களும் நிறைய வருகின்றன. திரையில் லேப்டாப், மற்றதில் எல்லாம் நோட்புக்.

மதுரையில் வாங்குகிறவர் விலை, வேகம், பேட்டரி மூன்றையும் பார்த்தால் போதும். நம் கரையில் காற்றையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்து வேலை செய்த ஒரு பெரிய லேப்டாப்பைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பின்மூடி ஸ்க்ரூவின் தலையிலேயே துரு, டிரைவர் வழுக்கும். மூடியை எடுத்தால் ஃபேன் இறகுகளில் தூசி ஊதினாலும் பறக்காது. ஈரம் கோத்துக் களி மாதிரி அப்பியிருக்கும். வெப்பக் காற்று வெளியேறுகிற தகடுகளின் இடுக்கு பாதி அடைத்திருக்கும், செம்புக் குழாயின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மதர்போர்டில் ஃபேனுக்குப் பக்கத்திலுள்ள குட்டிக் குட்டி ஐ.சி. சிப்புகளின் கால்களில் வெள்ளைப் பொடி. அந்தப் பொடி இருக்கும் இடத்தில்தான் பிறகு ஷார்ட் ஆகும்.

காரணம் எளிது. ஃபேன் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு உப்பையும் இழுக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் ஊரில் ராத்திரி ஆனால் அது சர்வசாதாரணம். கரைந்த உப்பு செம்பையும் ஈயத்தையும் சும்மா விடுமா? கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் என் கடை மேஜையில் இடம் இருக்காது.

அதனால் என் கட்சி இதுதான்: வேலை கேட்டால் ஒழிய பெரியது வாங்காதீர்கள்.

வேலை கேட்பவர்கள் யார்? கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர், கட்டட பிளான் போடுகிறவர், கேம் ஆடியே தீருவேன் என்கிற தம்பி. இவர்களுக்குப் பெரிய லேப்டாப்தான் சரி. ஆனால் அதை நகராத சாமானாக நினைத்துக்கொள்ளுங்கள். கடல் பக்க ஜன்னலைச் சாத்திய அறை, முடிந்தால் ஏ.சி., காற்றோட்டத்துக்கு அடியில் ஒரு ஸ்டாண்ட். படுக்கை மெத்தைமேல் வைத்தால் அடியிலுள்ள துளை அடைபட்டுச் சூடேறும். சார்ஜர் 180, 240 வாட் என்று இருக்கும், கரண்ட் போகிற நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரை ஒரே மூச்சில் குடித்துவிடும்.

மற்ற எல்லோருக்கும் நோட்புக் போதும். எனக்குத் தெரிந்த ஒரு நண்டு ஏஜென்ட், எடை போடுகிற இடத்திலேயே 14 அங்குல மெஷினைத் திறந்து ஒவ்வொரு வள்ளத்துக்கும் கணக்கு ஏற்றுகிறார். முன்னால் பெரியது வைத்திருந்தார், அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து ராத்திரி சீட்டைப் பார்த்துத் திரும்ப எழுதுவார். இப்போது மேலே ஒரு மெல்லிய கீபோர்டு உறை, பக்கத்தில் கை துடைக்கத் துண்டு, அவ்வளவுதான். வெளியில் வைத்து வேலை செய்கிறவர்கள் திரையின் வெளிச்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 250 நிட்ஸ் திரையில் வெயிலில் உங்கள் முகம்தான் தெரியும், 400 இருந்தால் சமாளிக்கலாம். சார்ஜர் 45, 65 வாட்தான் என்பதால் இன்வெர்ட்டருக்குப் பாரமில்லை. 50 வாட்-மணி பேட்டரி, பத்து வாட் இழுக்கிற வேலைக்கு ஐந்து மணி நேரம் வரும். ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போய்ப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குதான் முக்கியம், தோள் வலியையும் சேர்த்து.

நோட்புக்கிலும் குறை உண்டு. மெலிதாக்குவதற்காக ரேமை போர்டிலேயே ஈயம் வைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது, அதனால் வாங்கும்போதே 16 ஜிபி வாங்கிவிடுங்கள். ஃபேன் இல்லாத மாடலில் உப்பு உள்ளே போவது ரொம்பக் குறைவு, ஆனால் சித்திரை வெயிலில் நீண்ட நேரம் கனமான வேலை கொடுத்தால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டேலி, எக்ஸெல், ஆன்லைன் வகுப்பு எல்லாம் தாராளமாக ஓடும்.

சரி, வாங்கியாச்சு. இனி பராமரிப்பு. நம் ஆட்கள் புது மெஷினைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். கரையோரத்தில் அதைவிடக் கெடுதல் வேறு கிடையாது. ஓடுகிற மெஷின் சூட்டில் உள்ளே காய்ந்தே இருக்கும், மூடிக் கிடப்பதுதான் ஈரம் கோக்கும். தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள். வெளியூர் போவதாக இருந்தால் பேட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்தி, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்துப் போனதும் திறக்காதீர்கள், குளிர்ந்த உலோகத்தில் நீர் கோக்கும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் கிடக்கட்டும். பெரிய லேப்டாப்பை வருஷத்துக்கு இரண்டு தடவை திறந்து ஃபேனைச் சுத்தம் செய்து, சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள், கச்சான் முடிந்ததும் ஒன்று கட்டாயம்.

கடல்தண்ணீர் பட்டுவிட்டால் அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். அரிசி மேலோட்டமான ஈரத்தை உறிஞ்சினாலும் உப்பு போர்டிலேயே தங்கிவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். "ஆன் ஆகிறதா பார்ப்போம்" என்று ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். பேட்டரியைக் கழற்றி, போர்டை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, பிறகு ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வைத்துத் துடைத்துக் காயவைத்தால் பல மெஷின் பிழைத்திருக்கிறது. ரெண்டு நாள் கழித்து வந்தால் என்னிடம் மந்திரம் இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் திரையை மட்டும் பார்த்து மயங்குகிறார்கள். செல்போன் டார்ச்சை யுஎஸ்பி துளைக்குள் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் மங்கியோ பச்சையாகவோ இருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.