ஹேங்கர் இல்லாத செஸ்னாவும் வின்னிபெக் குளிர்காலமும்

எங்களுடையது 1974 மாடல் செஸ்னா 172. மச்சானும் நானும் பங்கு போட்டு வாங்கினோம். விமானம் வாங்கவே கையிருப்பு தீர்ந்துபோன நிலையில் ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை வாடகை கட்டுப்படியாகாது. அதனால் வருஷம் முழுக்க அது வெட்டவெளியில்தான் நிற்கிறது. கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20ஐத் தாண்டுவது சாதாரணம். எஞ்சினைச் சூடாக வைக்கக் காரையே ராத்திரி மின்பிளக்கில் மாட்டிவைக்கிற ஊர் இது. இருந்தாலும் விமானம் தாக்குப்பிடிக்கும். முக்கால்வாசி வேலையை மட்டும் அக்டோபரிலேயே முடித்துவிட வேண்டும். டிசம்பரில் கையுறையோடு முடிச்சும் போட முடியாது, ஸ்குரூவும் பிடிக்க முடியாது.

முதலில் விமானத்தைத் தரையோடு கட்டுகிற வேலை. புல்தரையில் நிறுத்துகிறவர்கள் கயிறு கட்டுவதற்கான திருகு ஆங்கரை நிலம் உறைவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். அப்புறம் சம்மட்டி போட்டாலும் இறங்காது. சணல், மணிலா கயிறெல்லாம் வேண்டாம். நனைந்தால் சுருங்கி இறக்கையைப் பிடித்து இழுக்கும். நைலான்தான் சரி. பனிப்புயல் இங்கே பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும், இடம் கிடைத்தால் மூக்கை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். காக்பிட்டில் ஸ்டியரிங்குக்குப் போடுகிற பூட்டுக் கம்பி, எய்லெரானையும் (இறக்கையின் அசையும் மடல்) எலிவேட்டரையும் (வாலின் கிடைமட்ட மடல்) தான் பிடிக்கும். வாலில் செங்குத்தாக இருக்கும் ரடருக்கு வெளியிலிருந்து தனிப் பூட்டு வேண்டும். அதில் நீளமான சிவப்பு நாடா கட்டுங்கள், கழற்ற மறந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரம் உறைந்தால் டிஸ்க் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும். டயருக்குக் கீழே பிளைவுட் பலகை போட்டுவைத்தால் தரையோடு உறையாது. சக்கர உறைகளை வசந்தம் வரை கழற்றிவிடலாம். உள்ளே சேறும் பனியும் நிரம்பி உறைந்துகொள்வதைத் தவிர குளிர்காலத்தில் அவற்றால் பெரிய பிரயோஜனம் கிடையாது.

கவர்கள் விலைதான். ஆனால் குளிர்காலத்தில் பறக்க நினைத்தால் இறக்கைக்கும் வாலுக்கும் கவர் இல்லாமல் கதை நடக்காது. மணல்தாள் சொரசொரப்புக்கு உறைபனி படிந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். பனியோ பனிக்கட்டியோ ஒட்டிய இறக்கையோடு கிளம்புவது கனடாவில் சட்டப்படியே தப்பு. கவரை ஈர இறக்கைமேல் போட்டால் துணியோடு சேர்ந்து உறைந்துவிடும். இறக்கை காய்ந்திருக்கும்போது போட்டு, காற்றில் படபடக்காதபடி வாரை இறுக்குங்கள். கழற்றிய கவரை வீட்டுக்குக் கொண்டுவந்து பேஸ்மென்டில் விரித்துக் காயப்போட வேண்டும். அன்றைக்கு வேறு துணி காயப்போட இடம் இருக்காது. அதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி என்று நாம் சொல்வது பிளெக்சிகிளாஸ். மண் படிந்த கண்ணாடிமேல் கவரைப் போட்டால் காற்று அதை வைத்துத் தேய்த்துக் கோடு போட்டுவிடும். கழுவிவிட்டுப் போடுங்கள். கார் ஸ்கிரேப்பரோ, கார் கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்பிரேயோ அதன் பக்கமே வரக் கூடாது. இறக்கைப் பனிக்கு மென்மையான துடைப்பம். வெந்நீர் ஊற்றாதீர்கள், அது ஓடிப்போய் எய்லெரான் கீலுக்குள் உறையும்.

பறக்காவிட்டாலும் புயலுக்கு மறுநாள் போய் வால்பகுதிப் பனியைத் தள்ளிவிடுங்கள். பின்னால் பாரம் கூடினால் மூக்கு எழும்பி, வால் தரையில் உட்கார்ந்துவிடும். புரொப்பெல்லர் நடுவில் இருக்கும் கூம்பு மூடியான ஸ்பின்னருக்குள்ளும் எட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு பக்கமாக உறைந்த பனி, எஞ்சின் ஓடும்போது விமானத்தையே உலுக்கும்.

இனி எஞ்சின். மைனஸ் 12க்குக் கீழே சூடேற்றாமல் கிளப்பாதே என்பது எங்கள் எஞ்சினுக்கு அதைத் தயாரித்த லைக்கமிங் கம்பெனி சொல்லும் கணக்கு. நான் மைனஸ் 5லேயே எஞ்சின் ஹீட்டர் பிளக்கை மாட்டிவிடுவேன். ஆயில் கெட்டியாவது பாதிக் காரணம்தான். எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸ் அலுமினியம், உள்ளே சுற்றும் கிராங்க்ஷாஃப்ட் எஃகு. குளிரில் எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், பேரிங் இடைவெளி குறுகிப்போகும். அதனால் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் மட்டும் ஹீட்டர் ஒட்டினால் பத்தாது. சிலிண்டர்களுக்கும் ஹீட்டர் வேண்டும். எஞ்சின் மூடியான கவுலிங்மேல் கனமான போர்வை, காற்று போகிற வாய்களுக்கு அடைப்பு, புரொப்பெல்லருக்கும் உறை. இல்லாவிட்டால் அந்த உலோகம் வழியாகவே சூடு வெளியேறிவிடும். நான் முந்தின ராத்திரியே ஆன் பண்ணிவிடுவேன், போனிலிருந்து இயக்குகிற சுவிட்ச் வழியாக. இதெல்லாம் இல்லாத காலத்தில் வடக்கே காட்டுப் பகுதிகளுக்குப் பறந்த ‘புஷ் பைலட்கள்’ ராத்திரி ஆயிலை டின்னில் வடித்து அடுப்போரம் வைத்துக்கொள்வார்களாம். காலையில் கூடாரத் துணிக்குள் எஞ்சினுக்குத் தீமூட்டிச் சூடேற்றி, அந்த ஆயிலைத் திரும்ப ஊற்றுவார்கள். நமக்குப் பிளக் இருக்கிறது, புலம்பக் கூடாது.

பறக்க நேரமில்லை என்று வாரம் ஒருமுறை தரையிலேயே எஞ்சினை ஓடவிட்டு அணைக்கிறவர்கள் உண்டு. அதைவிடச் சும்மா விடுவது நல்லது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். ஆயில் நன்றாகச் சூடேறாமல் அந்த ஈரம் வெளியேறாது, மேலே இருக்கும், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டில் துரு பிடிக்கும். புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவதும் கூடாது. இருக்கிற ஆயில் படலத்தையும் அது வழித்துவிடும். கிளப்பினால் ஒரு மணி நேரமாவது பறந்துவிட்டு இறக்குங்கள். இரண்டு மூன்று மாதம் தொடவே போவதில்லை என்றால், மெக்கானிக்கிடம் சொல்லிப் பாதுகாப்பு ஆயிலும் ஸ்பார்க் பிளக் இடத்தில் ஈரம் உறிஞ்சும் அடைப்பும் போடச் சொல்லுங்கள்.

எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாயை ஒவ்வொரு முறையும் பாருங்கள். எஞ்சினின் நீராவி அதன் வாயில் உறைந்து அடைத்தால், உள்ளழுத்தம், ஆயில் கசியாமல் தடுக்கும் முன்பக்க சீலைத் தள்ளி ஆயிலை வெளியே கொட்டிவிடும்.

பெட்ரோல் டேங்க்கை நிரப்பியே நிறுத்துங்கள், உள்ளே காற்று குறைந்தால் ஈரம் படிவதும் குறையும். முதல் உறைபனிக்கு முன் டேங்க் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். நடுக்குளிரில் வடிகாலைத் திறந்து ஒன்றுமே வரவில்லை என்றால், அங்கே பனிக்கட்டி உட்கார்ந்திருக்கலாம். விமானத்தைச் சூடேற்றி உருக்கி வடிக்காமல் கிளம்பக் கூடாது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். முழு சார்ஜ் இருந்தால் இந்தக் குளிர் அதை ஒன்றும் செய்யாது, சார்ஜ் இறங்கியதோ மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்து வெடிக்கலாம். பிஸ்கட் தூள்கூட இல்லாமல் கேபினைத் துடைத்துவிடுங்கள். எலி சக்கரம் வழியாக ஏறும், அதன் மூத்திரம் அலுமினியத்தை அரிக்கும்.

கடைசியாக, கவுலிங் வாயைப் பாதி மூடுகிற குளிர்காலத் தகடுகள். பகலிலும் மைனஸ் 7க்குக் கீழேயே இருக்கிற நாட்களுக்குத்தான் அவை. மார்ச்சில் வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஏறும்போது எஞ்சின் கொதித்துவிடும். எங்கள் தகடுகளில் ஒன்று எப்போதும் மச்சான் கார் டிக்கியில்தான் கிடக்கும், இன்னொன்று எங்கே என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.