ஃபுட்பால் மேனேஜரில் ஆளெடுக்க ஒரு கட்-ஆஃப் கணக்கு

பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் கட்-ஆஃப் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. கணக்கு மார்க் முழுசாக வரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. தமிழில் 98 வாங்கியிருந்தாலும் அதில் சேராது. கால்பந்து அணியை நாமே நிர்வகிக்கிற கம்ப்யூட்டர் கேமான ஃபுட்பால் மேனேஜரில் ஆட்டக்காரர்களுக்கும் இதையேதான் செய்யப்போகிறோம்.

ஒவ்வொருவருக்கும் 30-க்கும் மேற்பட்ட திறன்கள், எல்லாம் 1 முதல் 20 வரை. புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாவற்றையும் கூட்டி, அதிகம் வந்தவரை வாங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் ஓர் இடத்தை மட்டும் எடுங்கள். நாம் ஸ்டாப்பரை, அதாவது நடுவில் நின்று கோலைக் காக்கும் தடுப்பாட்டக்காரரை எடுப்போம். அந்த இடத்துக்குத் தேவையான ஐந்து திறன்களுக்கு மொத்தம் 20 வெயிட்டேஜ் (எது எவ்வளவு முக்கியம் என்பதற்கான எண்) பிரித்துக் கொடுங்கள்: பொசிஷனிங் (சரியான இடத்தில் நிற்பது) 5, டேக்ளிங் (பந்தைப் பறிப்பது) 4, ஜம்பிங் 4, பேஸ் (ஓட்ட வேகம்) 5, பாஸிங் 2.

பேஸுக்கு ஏன் 5? மாலையில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஸ்டாப்பர் நடுக்கோடு வரை ஏறி நிற்பார், தலைக்கு மேலே ஒரு பந்து போகும். அவர் திரும்புவதற்குள் ஃபார்வர்ட் இரண்டடி முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். உங்கள் அணியும் ஏறி நின்று ஆடினால் வேகம் கட்டாயம் வேண்டும்.

இப்போது இரண்டு பேரை ஒப்பிடுவோம். அதே வரிசையில் முதலாமவருக்கு 15, 15, 16, 9, 15. கூட்டினால் 70. இரண்டாமவருக்கு 14, 13, 14, 16, 9. கூட்டினால் 66. ஒவ்வொன்றையும் வெயிட்டேஜால் பெருக்கி, கூட்டி, 20-ஆல் வகுங்கள். முதலாமவர் 13.7, இரண்டாமவர் 13.8. பின்தங்கியிருந்தவர் முந்திவிட்டார்!

சரி, நீங்கள் கோல் பக்கமே இறங்கி நின்று தடுக்கிற ஆட்டம் ஆடுகிறீர்கள் என்றால்? பேஸை 2 ஆக்கி, ஜம்பிங்கை 7 ஆக்குங்கள். முதலாமவர் 14.75, இரண்டாமவர் 13.5. ஆட்கள் அதே ஆட்கள்தான், மாறியது உங்கள் ஆட்டமுறை. அதனால் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே வெயிட்டேஜை எழுதிவிடுங்கள். பிடித்த ஆளைப் பார்த்துவிட்டு எழுதினால் கை தானாக அவர் பக்கம் சாயும்.

நாற்பது பேருக்குக் கையால் போட முடியாது. எக்செல்லில் மேல் வரிசையில் வெயிட்டேஜ், கீழே வரிசைக்கு ஓர் ஆள். சம்ப்ராடக்ட் ஃபார்முலா பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் முடித்துவிடும். வெயிட்டேஜ் வரிசைக்கு டாலர் குறி போட்டுப் பூட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அதுவும் நகர்ந்து, விடை எல்லாம் தப்பாகிவிடும்.

அப்புறம் இன்னொன்று. கட்-ஆஃப் எவ்வளவு வந்தாலும் வேதியியலில் ஃபெயில் என்றால் சீட் கிடையாது, இல்லையா? சராசரியும் இப்படி ஒரு பள்ளத்தை மறைக்கும். ஏறி ஆடும் அணிக்கு நான் பேஸ் 10-க்குக் கீழே உள்ள ஸ்டாப்பரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மேலே பார்த்த முதலாமவர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்.