டோக்கன் கொடுக்கும் முன்: வீடு வாங்கும்போது நடக்கும் தவறுகள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று செல்போனில் காம்பஸ் வைத்தும் பார்ப்பார்கள். பத்திரத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். “அதெல்லாம் பேங்க்ல லீகல் பார்ப்பாங்க சார்” என்று புரோக்கர் சொல்லியிருப்பார். “இன்னொரு பார்ட்டியும் பார்த்துட்டுப் போயிருக்கு” என்பதையும் சேர்த்துச் சொல்வார். அன்று சாயங்காலமே ஒரு லட்சம் டோக்கன், அதாவது முன்பணம், கைமாறிவிடும். நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் அப்படி ஒரு சாயங்காலத்தில் தொடங்கியவைதான்.

என் பெரியப்பா மகன் திருச்சியில் ஒரு பழைய வீட்டுக்கு 2 லட்சம் முன்பணம் கொடுத்தார். விற்பவர் பெயரில் பட்டா இருந்தது, அது போதும் என்று நினைத்துவிட்டார். வீடு விற்பவருடைய அப்பா சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தார். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதில் நான்கு பெயர். அதில் ஒன்று கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த தங்கையுடையது. “அவளுக்குத்தான் அன்னிக்கே நகை போட்டுட்டோமே” என்றார் விற்பவர். எத்தனை பவுன் போட்டிருந்தாலும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கை கையெழுத்துப் போடாதவரை அவர் பங்கு அவருடையதுதான். அவர் போடவில்லை. முன்பணம் திரும்பி வர ஏழு மாதம் ஆனது, அதுவும் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாக. பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. சொத்து யாருடையது என்பதைத் தாய்ப்பத்திரம் என்கிற பழைய மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை அறுந்துபோகாமல் வரும் பத்திரத் தொடர்ச்சிதான் சொல்லும்.

சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றிலும் இதே மாதிரி ஒரு ஏமாற்றம் உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் அதைக் காசில்லாமலே பார்க்கலாம். ஆனால் அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. பதியாத உயிலும் வராது, கோர்ட்டில் நடக்கும் எல்லா வழக்கும் வராது. இன்னொன்று, சர்வே எண். முன்பு 112/3 என்று இருந்த நிலம் உட்பிரிவாகி 112/3ஏ2 ஆகியிருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகலாம். இரண்டையும் போட்டு, குறைந்தது 30 வருடத்துக்குத் தேட வேண்டும். உரிமையாளருக்குப் பதில் அவரிடம் அதிகாரப் பத்திரம் (பவர்) வாங்கிய ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்க்காமல் பேச்சே எடுக்கக் கூடாது. மனை என்றால் டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கொடுத்த அங்கீகார எண்ணைக் கேளுங்கள். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

சரி, பேங்க் வக்கீல் பார்ப்பாரே? பார்ப்பார், பேங்குக்காக. கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதுதான் அவர் கவலை. அதோடு அவர் பார்ப்பது நீங்கள் டோக்கன் கொடுத்த பிறகு. நமக்கென்று ஒரு வக்கீல் வைத்துச் சில ஆயிரம் செலவழிக்கக் கணக்குப் பார்ப்பவர்கள், மாடுலர் கிச்சனுக்கு மூன்று லட்சம் யோசிக்காமல் கொடுக்கிறார்கள்.

புது அடுக்குமாடி வீட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா, உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி, கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் பரப்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ரெரா சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது.

இனி பணம். “60 லட்சம் வீடு, லோன் கிடைச்சிடும், கையில 12 லட்சம் இருக்கு” என்பது அடிக்கடி காதில் விழும் கணக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடன் என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அதாவது 48 லட்சம். அந்த மதிப்பில் பத்திரப்பதிவுச் செலவைச் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பழைய வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். புரோக்கர் கமிஷன், வக்கீல், பெயின்ட் எல்லாம் சேர்த்தால் கையில் 18, 19 லட்சம் இல்லாமல் இறங்க முடியாது. இடையில் விழும் பள்ளத்தை நகைக்கடனும் பர்சனல் லோனும் போட்டு நிரப்பினால், குடிபோகும் நாளிலேயே மூன்று தவணை காத்திருக்கும். அதனால் லோன் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு ஒப்பந்தம் போடுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்கட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்ற வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள்தான். இதை மறந்து நோட்டீஸ் வாங்கியவர்கள் ஏராளம்.

தவணையைப் பார்த்து மயங்குவதுதான் கடன் விஷயத்தில் பெரிய தவறு. 40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் 34,713 ரூபாய். முதல் மாதத் தவணையில் 28,333 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 6,380தான். “30 வருஷமா போட்டா லேசா இருக்கும் சார்” என்பார்கள். தவணை 30,757 ஆகும். மாதம் நாலாயிரம் மிச்சம்தான்; ஆனால் மொத்த வட்டி 43 லட்சத்திலிருந்து 70 லட்சத்தைத் தாண்டிவிடும்.

வட்டி மாறும்போது பலர் பேங்க் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸைத் திறப்பதே இல்லை. பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அதோடு வீட்டுக் கடன் வட்டியும் ஏறியது. 6.7 சதவீதத்துக்கு 20 வருடக் கடனாக 40 லட்சம் வாங்கியவர் மாதம் 30,300 கட்டிக்கொண்டிருப்பார். பாக்கி 39 லட்சமாக இருக்கும்போது வட்டி 9.2 ஆனால், மாத வட்டி மட்டும் 29,900. அசலில் கழிவது 400 ரூபாய். தவணை ஏறவில்லை என்று அவர் நிம்மதியாக இருப்பார். கடன் அவர் ரிட்டயர்மென்ட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை 2023-இல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி வாடிக்கையாளருக்கு உண்டு. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதமும் கிடையாது. போனஸ் வரும்போது ஒரு லட்சம் கட்டிப் பாருங்கள், குறிப்பாக முதல் ஐந்து வருடத்தில்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் பேங்க் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரங்களை வாங்கும்போதே, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும். பதியாமல் விட்டால், பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் அந்தப் பழைய கடன் அப்படியே நிற்கும். வாங்க வருபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், டோக்கன் கொடுக்கும் முன்பே அவருடைய வக்கீல் அதைக் கேட்பார்.